மல்லிகா அக்காவின் ஃபிரிட்ஜும் என் வருமானச் சான்றிதழும்

ஏழை என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்க வேண்டிய நாளில், வீட்டைப் பணக்கார வீடாக மாற்றி வைத்த ஒரே ஆள் செஞ்சியில் நானாகத்தான் இருப்பேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. வகுப்பில் முதல் மாணவி. (முதல் மார்க்குக்கும் மூளைக்கும் சம்பந்தமில்லை என்பதை எங்கள் தெரு அன்றுதான் தெரிந்துகொண்டது.)

அரசுப் பள்ளியில் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்காக மத்திய அரசு ஒரு தேர்வு வைக்கிறது, அதில் தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உதவித்தொகை வரும் என்று கணக்கு டீச்சர் சொன்னார். "நீ எழுதினா கண்டிப்பா வாங்கிடுவே" என்று சொல்லி விண்ணப்பத்தையும் அவரே நிரப்பினார். கூட வைக்க வேண்டியது வருமானச் சான்றிதழ் ஒன்றுதான்.

அந்த உதவித்தொகை வராவிட்டால் என் கதை என்ன ஆகும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) கமிட்டியில், அதாவது நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வந்து குவியும் விற்பனைக்கூடத்தில், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அந்த வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டதால் பாதி நாள் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. அம்மா மல்லாட்டை பிடுங்கப் போவார். எட்டாவது முடிந்ததும் என்னைத் துணிக்கடையில் சேர்த்துவிடலாம் என்று பெரியம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதை மறுத்துப் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சான்றிதழுக்கு மனு கொடுத்தபோது வி.ஏ.ஓ. நைனாவிடம், "சனிக்கெழம மதியம் உன் வூட்ட வந்து பாத்துட்டு எழுதி அனுப்புறேன்" என்றாராம்.

சனிக்கிழமை காலை நைனாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஷீட் போட்ட ஒரே அறை. கொடியில் துணி. மூலையில் மூன்றரைக் கால் உள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இதிலா ஓர் அதிகாரியை உட்கார வைப்பது? எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், தெருவில் இருக்கும் நல்ல சாமான்கள் எல்லாம் காலையிலேயே அந்த வீட்டுக்குக் குடிபோய்விடும். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பியதும் அவரவர் பொருள் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடும். இதற்கெல்லாம் தலைமை எதிர்வீட்டு மல்லிகா அக்கா. அவருடைய ஃபிரிட்ஜ் மட்டுமே ஐந்து கல்யாணங்களை முடித்து வைத்திருக்கிறது.

அவரிடம் ஓடினேன்.

"அக்கா, எங்க வூட்டுக்கு ஆபீசர் வராரு."

"இன்னாத்துக்குடி?"

"என் படிப்பு விஷயமா."

(வருமானச் சான்றிதழ் என்று சொல்லியிருந்தால் அக்கா தலையில் ஒன்று வைத்து உட்கார வைத்திருப்பார். நான் சொல்லவில்லை.)

"படிப்புக்கா? அப்ப சும்மா வுட முடியுமா!" என்று அக்கா முந்தானையை இழுத்துச் செருகினார்.

அடுத்த ஒரு மணி நேரம் தெருவே எங்கள் வாசலில் நின்றது. மளிகைக்கடை வீட்டிலிருந்து சோஃபா வந்தது. மூன்றாவது வீட்டிலிருந்து வாஷிங் மெஷின் வந்தது. கண்ணாடி டீப்பாய், குயில் கூவும் கடிகாரம், கடைசியாக நான்கு பேர் சுமந்து வந்த ஃபிரிட்ஜ். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் யாரோ கொண்டுவந்த டேபிள் ஃபேனைச் செருகிவிட்டோம். மற்றவை எல்லாம் அழகுக்காக நின்றன. நடக்க இடமில்லை, பக்கவாட்டில்தான் நகர வேண்டும்.

மதியம் அம்மா கால் நிறையச் செம்மண்ணோடு வந்தார். "இன்னாடி இது?" என்றார். சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து ஃபிரிட்ஜை மெதுவாகத் தடவிப் பார்த்தார். (சான்றிதழ் விஷயம் முழுதாகத் தெரிந்த அம்மாவும் வாயைத் திறக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். எல்லாப் பழியையும் நானே சுமக்க முடியாது.)

சற்று நேரத்தில் நைனா வி.ஏ.ஓ.வை அழைத்துக்கொண்டு வந்தார். வாசலில் காலை வைத்தவர், உள்ளே பார்த்ததும் சட்டென்று பின்வாங்கி, "மன்னிச்சிக்குங்க சார், வூடு மாறி வந்துட்டேன்" என்றார்.

"இன்னாய்யா, உன் வூடு உனக்கே தெரியாதா?"

நைனா தெருவை ஒருமுறை பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்க வூடு மாதிரிதான் சார் இருக்குது" என்று இழுத்தார்.

வி.ஏ.ஓ. சோஃபாவில் உட்கார்ந்தார். நிதானமான மனிதர். ஒவ்வொரு பொருளாகப் பார்த்துக்கொண்டே வந்து நைனாவிடம், "நீ இன்னா வேல செய்யறே?" என்று கேட்டார்.

"மூட்ட தூக்குறேன் சார்."

"மூட்ட தூக்கியே வாஷிங் மெஷினா?"

நைனா கையில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். ஏதாவது உபசாரம் செய்து நிலைமையைச் சமாளிக்கலாம் என்று, "சார், ஜில்லுனு தண்ணி குடிக்கிறீங்களா?" என்று நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன். உள்ளே மல்லிகா அக்கா வீட்டு இட்லி மாவு வெப்பத்தில் பொங்கி, தட்டு தட்டாக வழிந்து என் காலில் இறங்கியது. அந்த நேரம் பார்த்துக் குயில் வேறு கூவியது.

வி.ஏ.ஓ. மனுவை மடித்துப் பைக்குள் வைத்தார். "இதெல்லாம் கண்ணால பாத்துட்டு நான் எப்படிம்மா எழுதறது? கம்மி வருமானம்னு எழுதினா நாளைக்கு என்னக் கேக்க மாட்டாங்களா?" என்று எழுந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துணிக்கடையில் புடவை மடித்துக்கொண்டு நிற்பது போல என்னையே நான் பார்த்தேன். இத்தனையும் என் வெட்கத்தால் வந்த வினை.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மல்லிகா அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. அவர் ஒரு நொடி தயங்கினார். ஏனென்றால் அவருடைய மாமியாருக்கு ஏழை முதியோர் பென்ஷன் கேட்டுக் கொடுத்த மனு இதே வி.ஏ.ஓ.விடம்தான் இருந்தது. பிறகு நேராக உள்ளே வந்தார்.

"சார், அந்த ஃபிரிட்ஜு என்னுது. இவங்க வூட்டுல ஒண்ணும் கெடையாது சார்."

பின்னாலேயே மளிகைக்கடை அம்மா வந்து, "சோஃபா எங்களுது. கொஞ்சம் நகருங்க சார்" என்றார். மூன்றாவது வீட்டுக்காரர் வாஷிங் மெஷினைத் தோளில் ஏற்றிக்கொண்டார். டீப்பாய் போனது, குயில் போனது, ஓடிக்கொண்டிருந்த ஃபேனும் போனது. பத்து நிமிடத்தில் எங்கள் வீடு எங்கள் வீடாகிவிட்டது. ஆணியில் என் பள்ளிக்கூடப் பை தொங்கிக்கொண்டிருந்தது. தரையில் மாவு.

 அம்மா அவசரமாக விரித்த பாயில் வி.ஏ.ஓ. உட்கார்ந்து, சொம்புத் தண்ணீரை முழுவதும் குடித்தார்.

"யாரு யோசன இது?"

நான் கையைத் தூக்கினேன், வகுப்பில் தூக்குவது போல.

"பரீட்சையில இவ்ளோ யோசிக்காத பாப்பா" என்று சொல்லிவிட்டு மனுவை வெளியே எடுத்தார். எழுதி முடித்துக் கிளம்பும்போது மல்லிகா அக்காவிடம், "உன் மாமியார் மனுவுக்கும் வருவேன். ஃபிரிட்ஜு உன் வூட்டுலயே இருக்கட்டும்" என்றார். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. (பென்ஷன் வந்தது. புளித்த மாவை மட்டும் அக்கா இன்றுவரை மன்னிக்கவில்லை.)

தேர்வில் தேறினேன். துணிக்கடைப் பேச்சு அதோடு நின்றது. இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு முதன்முதலில் வீட்டுக்கு வாங்கியது ஒரு சோஃபா. அதை இறக்கி வைத்ததும் நைனா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு கேட்டார்.

"யார் வூட்டுதும்மா? எப்ப திருப்பிக் குடுக்கணும்?"

அம்மா சிரித்ததில் புரையேறிவிட்டது. அன்றிலிருந்து மிக்சி வந்தாலும் பீரோ வந்தாலும் நைனா இதையே கேட்கிறார். போன வாரம் ஒரு தலையணைக்குக்கூடக் கேட்டார். நானும் ஒவ்வொரு முறையும், "நம்முளுதுதான் நைனா" என்கிறேன். அந்தப் பதிலைக் கேட்பதற்காகத்தான் அவர் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதற்காகவே நானும் அடிக்கடி ஏதாவது வாங்கிக்கொண்டு போகிறேன்.