"பாப்பம்" எண்ட முப்பத்தெட்டுக் குடும்பங்கள்

சூரிச்,
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய இராஜேந்திரன் மாமாவுக்கு, உங்கள் அக்காவின் மகன் ஜதுஷன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலமா என்று கேட்பதுதான் முறை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீங்கள் நலமாக இருக்க வாய்ப்பில்லை, ஆகவே கேட்கவில்லை. என் ஃபோனையும் நீங்கள் எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

ஓல்டனில் நடந்த உங்கள் மகள் கிருசிகாவின் அரங்கேற்றத்தில் சாப்பாடு முடிந்துபோனது என் பிழையல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குவாண்டம் ஹேக்கத்தானுக்கு, அதாவது ரெண்டு நாளில் ஒரு நிரலை எழுதி நடுவர்களுக்குக் காட்டுகிற போட்டிக்கு, என்னோடு படிக்கிற யசோதராவும் நானும் கேள்வி தேடிக்கொண்டிருந்தம். அப்பத்தான் நீங்கள், "டேய், நூற்றியிருபது வீட்டுக்கு அழைப்புக் காட் அனுப்பினன், முப்பத்தெட்டு வீடு 'பாப்பம்' எண்டுது, நான் எத்தினை பேருக்குச் சமைக்கச் சொல்ல?" எண்டு கத்தினியள். எனக்கு உடனை பொறி தட்டினது. சாதாரணக் கணினிக்கு ஓம் அல்லது இல்லை. குவாண்டத்தில ரெண்டும் கலந்து நிக்கும், அளந்தால்தான் ஏதோ ஒண்டாய் விழும். எங்கட "பாப்பம்" அதேதான்! கோயம்புத்தூர்க்காரி யசோதரா, "எங்க ஊர்ல 'கண்டிப்பா வரேன்'னுட்டே வரமாட்டாங்க, உங்காளுங்க எவ்வளவோ நேர்மை" எண்டாள். மாமி பத்து வருசமாய் ஆர் என்ன சொன்னவை, ஆர் வந்தவை எண்டு எழுதி வைச்ச கொப்பி முழுக்கக் கணினியில ஏத்தினம். அதுவும் காணாதெண்டு வியாழக்கிழமை முப்பத்தெட்டு வீட்டுக்கும் நானே ஃபோன் எடுத்து, "மாமாவின்ர விழாவுக்கு வருவியளோ?" எண்டு கேட்டன். எல்லாரும் "பாப்பம் தம்பி" எண்டவை. சனிக்கிழமை குவாண்டம் கணினிக்கு நாற்பது நிமிசம் வரிசையில நிண்டம், அது 240 பேர் வருவினம் எண்டது. சாதாரண நிரல் ஒரு செக்கனில 239 எண்டது. ஒரு ஆளுக்காக நாற்பது நிமிசம்! அதை மறைக்காமல் சொன்னதுக்கு நடுவர்கள் மூண்டாம் பரிசு தந்தவை.

நீங்கள் 240க்குச் சமைப்பிச்சியள். வந்தது 351. மாமி வடையை ரெண்டாய் வெட்டினவ, பிறகு நாலாய் வெட்டினவ. நீங்கள் பட்டு வேட்டியோட ஓல்டன் ஸ்டேசனுக்கு ஓடிப்போய் பீட்சாப் பெட்டியளை அடுக்கித் தூக்கிக்கொண்டு வந்து, சபையில வைச்சு, "உன்ர குவாண்டத்தைக் கொண்டுவந்து இலையில வையடா" எண்டியள். எனக்கு வெக்கத்தைவிட ஆச்சரியம்தான் கூட. எங்கடின் மலைப்பக்கம் ஹோட்டல் வேலை செய்யிற துஷாந்தன் அண்ணை கொப்பியில ஏழு தரம் "பாப்பம்", ஏழு தரமும் வரேல்ல. நூற்றுக்கு ரெண்டு வீதம்தான் வாய்ப்பு எண்டது நிரல். அவர் தன்ர மனிசி, நாலு பிள்ளையள், மச்சாளோட நாலு மணித்தியாலம் ரயில் ஏறி வந்து முதல் பந்தியில இருந்தார்! ஏன்? கணக்குச் சரி, மாமா. சனந்தான் பிழை.

மாமிக்கு என் அன்பு. கிருசிகாவுக்குச் சொல்லுங்கோ, பசியோடயும் சனம் கைதட்டினதெண்டால் அவள் நல்லாத்தான் ஆடியிருக்கிறாள்.

இப்படிக்கு,
பிழை விடாத மருமகன்,
ஜதுஷன்

பி.கு.: கடிதத்தை ஒட்டமுதல், பொறுக்கேலாமல் துஷாந்தன் அண்ணைக்கு ஃபோன் எடுத்து ஏன் வந்தனீங்கள் எண்டு கேட்டன். "ஏழு தரமும் காட் மட்டும்தானே தம்பி வந்தது. இந்த முறைதான் ஒரு ஆள் ஃபோன் எடுத்துக் கேட்டது. பிறகும் வராமல் விட்டால் மரியாதையோ?" எண்டார். கொப்பியை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை வந்தவையோட ஒப்பிட்டுப் பாத்தன். நான் ஃபோன் எடுத்த முப்பத்தெட்டில முப்பத்தாறு வீடு வந்திருக்கு. எடுக்காத வீடுகள் நிரல் சொன்னபடியேதான். பிழை என்னிலதான். மேலே எழுதினதை வாசிக்காதேங்கோ.

உங்கட புது வீட்டுக் குடிபூரலுக்கு மாமி போட்ட வட்ஸ்அப் காட் கிடைச்சது. ஃபோன் ஒண்டும் வரேல்ல.

பாப்பம்.