இரவல் குப்பை

நாளை மதியம் குழு வருகிறது. ஆலங்குடாவிலோ குப்பை என்று காட்ட ஒரு கடலைச் சுருள்கூட அகப்படவில்லை. எல்லாம் பிரதேச சபையின் தொழில்நுட்ப அலுவலர் றஸ்மி பார்த்த வேலை. "பெரிய ஆக்கள் வாறாங்க" என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்ல வைத்தான். ஊர் சும்மா இருக்குமா? சிரமதானம் போட்டு, கூட்டிப் பெருக்கி, கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டது.

வருகிறவர்களோ குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்கு இடம் தேடுகிறார்கள். ஆலங்குடாவுக்குக் கிடைத்தால் றஸ்மி அதன் பொறுப்பாளர். இல்லையென்றால் கடலே இல்லாத மொனராகலைக்கு மாற்றம்.

"மொனராகலைக்கு நீங்க தனியப் போங்க," என்று மனைவி இல்மா சொல்லிவிட்டாள். "நான் கடல உட்டுட்டு வரமாட்டன்."

றஸ்மி வீடு வீடாகக் குப்பை கேட்டுப் போனான்.

"எங்கட குப்பைய வெளியாக்கள் பாக்கிறதா? வெக்கக்கேடு!" என்றாள் அடுத்த வீட்டுப் பளீலா. "நில்லுங்க தம்பி, கழுவித் தாறன்."

எல்லா வீட்டிலும் கழுவித்தான் தந்தார்கள். யோகட் கோப்பைகள் பளபளத்தன. ஈரக் குப்பை எப்படி எரியும்? காயட்டும் என்று கடற்கரையில் பரப்பினான். அந்த ஊர்க் காற்றைத் தெரிந்தவன் செய்கிற வேலையா இது? அவன் அங்கேயே பிறந்தவன் வேறு. பட்டத்தைப் பிடித்தபடி அலையில் ஓடும் வெள்ளைக்காரர்களின் தலைக்கு மேலே பொலித்தீன் பைகள் போட்டிக்குப் பறந்தன.

"காஞ்சிச்சா?" என்றாள் இல்மா.

"பறந்திச்சு."

கடைசியில் இல்மாவின் தம்பி அஸாமின் லொறிதான் நினைவுக்கு வந்தது.

"முந்தல் கடைத்தெரு முழுக்கக் குப்பை குமிஞ்சு கெடக்கு மச்சான்," என்றான் அஸாம். "ஆனா முந்தல் ஊராக்களும் இதே நிலையத்தத்தானே கேட்டு நிக்கிறாங்க?"

"அதனாலதான்டா! அங்க குறைஞ்சா இங்க கூடும். ஒரு கல்லுல ரெண்டு மாங்கா. ஒண்டும் மிச்சம் வெக்காம வழிச்சு எடு."

அஸாம் சொன்னபடி செய்தான். மறுநாள் மதியம் சபைக் காணியில் ஒரு மலையே நின்றது. குழு மூக்கில் கைக்குட்டையோடு அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது.

"எல்லாம் எங்கட ஊருக் குப்பை சேர்!" என்றான் றஸ்மி பெருமையாக.

குழுத் தலைவர் தலையை ஆட்டினார். பிறகு எல்லோரும் றஸ்மியின் வீட்டில் சஹன் என்னும் பெரிய கூட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சோறு போனது, இறால் போனது, கணவாய்க் கறி இரண்டாம் முறையும் வந்து போனது. நிலையத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று இல்மா முறைத்தாள்.

றஸ்மிக்குப் பொறுக்கவில்லை. வாசலில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த வான் சாரதி கில்பட்டிடம் மெல்லப் போனான்.

"எங்களுக்குத்தானே தருவாங்க?"

கில்பட் விரலைச் சூப்பி முடித்தான்.

"அது காலையில போய்ப் பாத்த கையோட முந்தலுக்கு முடிஞ்சுது சேர், கடைத்தெருவில ஒரு கடதாசித் துண்டு இல்ல, இவ்வளவு ஒழுங்காக் குப்பை சேக்கிறவங்கள நம்பித்தான் மெசினக் குடுக்கலாமெண்டு தலைவர் சொல்லிட்டார், இங்க வந்தது கணவாய்க்கு."