கார்ட் ஐயா தேடிய படுக்கை

கினிப் பிக்குகளுக்காகத் தரையில் குப்புறப் படுத்துத் தும்மிப் பார்த்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்கிறார். அவர் கடுகண்ணாவையில் இருக்கிறார். வேறு எந்த நாட்டிலாவது இன்னொருவர் உண்டு என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஊரில் அவரைக் கார்ட் ஐயா என்பார்கள். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுக்குப் பிறகும் ஊர் திரும்பாமல், தண்டவாளத்துக்கு மேலே ஒரு மேட்டில் சின்ன வீட்டில் தனியாக இருந்துவிட்டார். காரணம் கேட்டால், “அங்க ரயில் மலை ஏறாது” என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

கினிப் பிக் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எலியை விடப் பெரியது, முயலை விடச் சிறியது, வால் கிடையாது. புல் தின்னும், பசித்தால் விசில் அடிக்கும். வெளிநாடு போன ஒரு குடும்பம், “இரண்டும் பெண்” என்று சொல்லி இரண்டை அவரிடம் விட்டுப் போனது. கொஞ்ச நாளில் அது பொய் என்று தெரிந்தது. மறுபடியும் தெரிந்தது. ஆண்களுக்கு வேறு பெட்டி அடிக்கும் வரை தெரிந்துகொண்டே இருந்தது. அவர் ஒவ்வொன்றுக்கும் மலையேறும் பாதையில் உள்ள ஒரு ஸ்டேஷன் பெயரை வைத்தார். ஹட்டன் வெள்ளை, பட்டிப்பொல கறுப்பு, கூட்டத்திலேயே குண்டான தாய் நாவலப்பிட்டி. “நாவலப்பிட்டி இண்டைக்குச் சாப்பிடேல்லை” என்று அவர் வாசலில் நின்று கவலைப்பட்டால், வழியில் போகிறவர்கள் அந்த ஊரில் ஏதோ பஞ்சம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

நான் அவரிடம் புல் வெட்டும் வேலை கேட்டுப் போனேன். ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பேக்கரி, ஹார்ட்வெயார், லொறி என்று ஒரு இடத்தில் நிலைக்காமல் அலைந்துகொண்டிருந்த காலம். அவர் என் படிப்பைக் கேட்கவில்லை. ஊரையும் கேட்கவில்லை.

“தம்பி, நீ எதில எல்லாம் படுத்திருக்கிறாய்?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “புரியலைங்க ஐயா.”

“கட்டில், பாய் எல்லாம் விடு. மற்றதுகளைச் சொல்லு.”

சொன்னேன். பேக்கரியில் மா மூட்டை மேல் படுத்திருக்கிறேன். லொறியில் வைக்கோல் மேல். பஸ் ஸ்டாண்டில் அட்டைப்பெட்டி. ஹார்ட்வெயார் கடையில் சீமெந்துப் பை.

“சீமெந்துப் பை எப்பிடி?”

“கதகதன்னு இருக்குங்க. ஆனா காலைல தலைமுடி கல்லாயிரும்.”

“மாமூட்டை?”

“சுகம்ங்க. எறும்புதான் தொந்தரவு.”

“உன்னைப்போல ஒராளைத்தான் தேடினனான்” என்று கார்ட் ஐயா எழுந்து என் கையைக் குலுக்கினார். நான் பட்ட கஷ்டங்களை ஒருவர் தகுதியாக எடுத்துக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பின்பக்கத்து அறையும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைத்தன.

விஷயம் இதுதான். நாவலப்பிட்டி ஓயாமல் தும்மிக்கொண்டிருந்தது. அப்போது பெட்டிகளில் மரக்காலையிலிருந்து வந்த மரத்தூள் போட்டிருந்தார்கள். கண்டியில் மிருக வைத்தியராக இருக்கும் ஒரு இளம் பெண் வந்து, அதன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“ஐயா, மருந்து தர்றேன். ஆனா படுக்கைய மாத்தலைன்னா மருந்து வேலை செய்யாது. தூசி இருக்கக் கூடாது, ஈரம் நிக்கக் கூடாது, வாசமான மரச் சீவல் கூடாது. வயித்துல குட்டி இருக்கு. குட்டி போடுறதுக்குள்ள மாத்திருங்க. இந்த நெஞ்சோட தூசிக்குள்ள குட்டி போட்டா தாய் தாங்காது.”

வைத்தியர் போன பிறகு கார்ட் ஐயா நாவலப்பிட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் கதிரையில் இருந்தார். அது அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டே தும்மியது.

மறுநாள் பரீட்சை ஆரம்பமானது. எந்தப் படுக்கையானாலும் முதலில் அவர் படுத்துப் பார்த்த பிறகுதான் கினிப் பிக்குக்கு என்றார். அலுமாரியிலிருந்து பழைய வெள்ளை யூனிபோர்மை எடுத்துப் போட்டுக்கொள்வார். தூசி படிந்தால் தெரியவேண்டும் அல்லவா. பிறகு நடு வீட்டில் பொருளைப் பரப்பி அதன் மேல் குப்புறப் படுப்பார்.

“ஏன் ஐயா குப்புற?”

“எங்கட மூக்கு எங்க இருக்கு? அவையின்ர மூக்கு எங்க இருக்கு? நீயும் நானும் மேல நிண்டுகொண்டு தூசி இல்லை எண்டு சொல்லுறம். மூக்கைக் கீழ கொண்டுபோனால்தான் நியாயம்.”

ஒருநாள் அவர் மரச் சீவலில் இப்படிக் கிடக்கும்போது தபால்காரர் வந்துவிட்டார். வெள்ளை யூனிபோர்மில் ஒரு மனிதர் அசையாமல் தரையில் கிடப்பதைப் பார்த்தவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார். கொஞ்ச நேரத்தில் தெருவே வாசலில் நின்றது. ஒரு அம்மா அழவும் தொடங்கிவிட்டார். கார்ட் ஐயா தலையைத் தூக்கவே இல்லை. “சத்தம் போடாதையுங்கோ, பரீட்சை நடக்குது” என்றார். சொல்லிவிட்டுப் பெரிதாக ஒரு தும்மல் போட்டார். அந்த ஒரு தும்மலோடு மரச் சீவலும் பெயில்.

கலகெதரப் பக்கத்து வயலிலிருந்து வைக்கோல் கொண்டுவந்தேன். அதில் படுத்து எழுந்தபோது அவர் கன்னமெல்லாம் கோடு. “கண்ணில குத்தும்” என்று தள்ளிவிட்டார். பழைய பேப்பர் போட்டோம். அதில் தூசி இல்லை. ஆனால் அவர் குப்புறப் படுத்தபடியே செய்தி வாசிக்கத் தொடங்கி, கோபம் வந்து, பரீட்சையை மறந்துபோனார். பெட்டியில் போட்டுப் பார்த்தபோது அரை நாளிலேயே ஊறிக் கூழாகிவிட்டது.

என் பங்குக்கு நானும் ஒரு யோசனை சொன்னேன். தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேயிலைதானே ஞாபகம் வரும். காய்ந்த தேயிலைக் காம்பைச் சலித்துப் பரப்பினால் மெத்தென்று இருக்கும், தூசியும் இருக்காது என்றேன். ஐயா படுத்துப் பார்த்தார். தும்மல் இல்லை. “நல்ல வாசம்” என்று சிரிக்கவும் செய்தார். நோயாளிக்கு வேண்டாம், முதலில் ஆண்கள் பெட்டியில் பார்ப்போம் என்று அதில் போட்டோம்.

கினிப் பிக் படுக்கையைத் தின்னும் என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. ஹட்டன் குதித்தது. பட்டிப்பொல பெட்டியைச் சுற்றி ஓடியது. எல்லாம் சேர்ந்து விசில் அடித்தன. ஐயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“டேய், நீ இதுகளுக்குப் படுக்கை போடேல்லை. தேத்தண்ணி போட்டிருக்கிறாய்!”

தேயிலையை அள்ளிக் கொட்டினோம். அன்று முழுவதும் அவற்றில் ஒன்றுகூடத் தூங்கவில்லை. நல்லவேளை, வேறு எதுவும் ஆகவில்லை.

கடைசியில் படுக்கையைத் தேர்ந்தெடுத்தது நாவலப்பிட்டிதான். ஒரு காலை அதன் பெட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. அதுவரைக்கும் என் ஜாக்கெட்டின் மேல் அதை விட்டேன். கண்டியில் நடைபாதையில் வாங்கிய ஜாக்கெட். குளிர் நாட்டுக்குத் தைக்கும் மெத்தென்ற துணி, ஃபிளீஸ் என்பார்கள். தையல் கோணலானதால் இங்கேயே விற்றுவிட்டார்கள். அது என் ஒரே ஜாக்கெட். நாவலப்பிட்டி அதன் கைக்குள் புகுந்தது, நீட்டிப் படுத்தது, தூங்கியது. கழுவி முடியும் வரை ஒரு தும்மல் இல்லை.

“தம்பி, அந்த ஜாக்கெட் இனி உன்ரை இல்லை” என்றார் கார்ட் ஐயா.

“தெரியும்ங்க ஐயா.”

ஒரு ஜாக்கெட் ஒரு பெட்டிக்கே போதாது. அந்தத் துணி மொத்தமாக வேண்டும். போகலாம் போகலாம் என்று இருக்கும்போதே ஒருநாள் காலையில் நாவலப்பிட்டி புல்லைத் தொடவில்லை. வயிறு தரையில் இழுபட்டது. “குட்டி போடப் போகுது. நீ கெதியாக் கண்டிக்குப் போ” என்று ஐயா ஜன்னலுக்கு வெளியே நின்று என்னை விரட்டினார். நான் கினிப் பிக் அறையிலிருந்து அப்படியே ஓடினேன்.

இங்கே வளையத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு பெரிய வளையத்தில் ‘டெப்லட்’ என்ற வில்லையை வைத்து டிரைவரிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் ரயில் அந்தத் துண்டுப் பாதையில் நுழையக் கூடாது. கார்ட் ஐயா பிரம்பில் ஒரு வளையம் செய்து கினிப் பிக் அறை வாசலில் மாட்டியிருந்தார். உள்ளே போகிறவர் அதைத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். வளையம் ஆணியில் இல்லையென்றால் உள்ளே ஆள் இருக்கிறது, கதவைத் திறக்கக் கூடாது. ஒருமுறை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்து, ஹட்டன் தப்பிப் பக்கத்து வீட்டு போஞ்சிப் பாத்தியை மேய்ந்த பிறகு வந்த சட்டம் இது.

பஸ்ஸில் எனக்கு நல்ல மரியாதை கிடைத்தது. கண்டக்டரே ஒருவரை நகர்த்தி இடம் கொடுத்து, “பெரஹெரா ஊர்வலத்துல ஆட இப்பவே பழகுறீங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமல் தலையாட்டி வைத்தேன். கண்டியில் வெட்டுத்துணி விற்கும் முஸ்லிம் நானா ஒருவரின் கடைக்குப் போனேன். அவர் துணியைச் சுருட்டிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“புதுத் துணி தண்ணிய உள்ள விடாது தம்பி, ரெண்டு மூணு தரம் அலசிப் போடுங்க. அது சரி, தோள்ல என்னத்துக்கு வளையம்? பெரஹெராவுல நெருப்பு வெச்சு ஆடப் போறீங்களோ?”

தோளைத் தடவினேன். வளையம் இருந்தது. அதே நேரம் வெளியே மழை கொட்டத் தொடங்கியது, போனும் அடித்தது.

“தம்பி, டெப்லட் எங்க?”

“என் தோள்லங்க ஐயா.”

அவர் மெதுவாக, “கூரைப் பீலி உடைஞ்சு போச்சு. அறைக்குள்ள தண்ணி போகுது. பெட்டி நனையுது. நாவலப்பிட்டி விசில் அடிக்குது” என்றார்.

“ஐயா, கதவத் திறந்து உள்ள போங்க!”

“டெப்லட் இல்லாமலோ?”

“நான் கண்டில நிக்கிறேன் ஐயா! உள்ள யாரும் இல்ல!”

“எனக்கும் தெரியும், அறிவுக்குத் தெரியும். கால் போகுதில்லை. என்ர சேர்விஸில ஒரு நாளும்…” என்றார். லைன் அறுந்தது.

துணி மூட்டையோடு பஸ்ஸில் ஏறினேன். பேராதெனியில் நெரிசல், பிலிமத்தலாவையில் அதைவிட நெரிசல். வளையத்தோடு நின்ற என்னை இம்முறை எல்லோரும் திட்டினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கதவுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கும் ஒரு மனிதரும், உள்ளே நனையும் ஒரு தாயும்தான் கண்ணுக்குள் நின்றார்கள்.

மேட்டில் ஏறி ஓடினேன். அறை வாசலில் அவர் இல்லை. கதவு திறந்திருந்தது.

உள்ளே, நீர் எட்டாத மூலையில் கார்ட் ஐயா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்ற கினிப் பிக்குகள் எல்லாம் அலுமாரியின் இழுப்பு லாச்சிகளில் இருந்து எட்டிப் பார்த்தன. அவர் மடியில் உலர்ந்த சாரத் துணி, அதன் மேல் என் பழைய ஜாக்கெட், அதன் மேல் நாவலப்பிட்டி, அதற்குப் பக்கத்தில் இரண்டு குட்டிகள். கினிப் பிக் குட்டி பிறக்கும்போதே கண்ணைத் திறந்துகொண்டு, உடம்பெல்லாம் மயிரோடு பிறக்கும். அவை இரண்டும் என்னைப் பார்த்தன.

நான் உள்ளே காலை வைத்தேன்.

“நில்!” என்றார் ஐயா. வலது கையை நீட்டினார். “முதல்ல அதைத் தா.”

வளையத்தைக் கொடுத்தேன். ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து வாங்குவதுபோலக் கையை உள்ளே விட்டுத் தோளில் ஏற்றிக்கொண்டார். பெருமூச்சு விட்டார். “இப்பதான் நான் சட்டப்படி உள்ள வந்தனான்” என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். மடி குலுங்கியது, குட்டிகள் குலுங்கின, நாவலப்பிட்டி கோபமாக விசில் அடித்தது. தும்மவில்லை. குட்டிகளுக்கு ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்று பெயர் வைத்தார். எழுந்திருக்க முடியாததால் அன்று சாப்பாட்டையும் நான்தான் ஊட்டினேன்.

பீலியைக் கட்டினேன். துணியைச் சொன்னபடி அலசி, கீழே தடித்த துவாய், மேலே ஃபிளீஸ், ஒரு மூலையில் காய்ந்த புல் என்று எல்லாப் பெட்டிக்கும் போட்டேன். ஈரம் கீழே இறங்கியது, மேலே உலர்ந்தே இருந்தது. வைத்தியர் வந்து நாவலப்பிட்டியின் நெஞ்சைக் கேட்டுவிட்டு, “சூப்பர் ஐயா, இதையே வச்சிருங்க” என்றார்.

படுக்கை முடிவானதும் என் வேலையும் முடிந்தது. நான் எந்த இடத்திலும் வேலை முடிந்த பிறகு நின்றவன் இல்லை. பையைக் கட்டிக்கொண்டு, “அப்ப நான் கெளம்புறேன் ஐயா” என்றேன்.

கார்ட் ஐயா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து துணியைத் தடவினார். மூக்கருகே பிடித்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உந்தத் துணி அவ்வளவு சரியில்லைப் போல கிடக்கு. இன்னும் ஒரு கிழமை பாப்பம்.”

பார்த்தோம். அடுத்த கிழமை நிறம் சரியில்லை என்றார். அதற்கு அடுத்த கிழமை, மாரி மழைக்கு எப்படி நிற்கிறது என்று தெரியவேண்டும் என்றார். மாரி வந்து போய், இன்னொரு மாரியும் வந்து போய்விட்டது. கினிப் பிக்குகள் அதே துணியில் நீட்டிப் படுத்துத் தூங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐயா அதைத் தூக்கிப் பார்த்துத் தலையை ஆட்டுவார். நானும் பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்து, “இன்னும் சரியா வரலைங்க ஐயா” என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.