முற்றத்து மரத்தின் சிங்களப் பெயர்

ஆலங்குடா,
09.10.2017

அன்பும் கண்ணியமும் நிறைந்த மருமகன் நுஸ்கி அவர்களுக்கு, மாமா நூஹு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும் உங்கள் மாமியும் சுகம். வெங்காயம் மட்டும் சுகமில்லை, அது வழக்கம்தான். மாவனெல்லையில் நீங்களும், உங்கள் உம்மாவும், ஏழு மாதப் பிள்ளையைச் சுமக்கும் என் மகள் அஸ்ரியாவும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். வீட்டுக்கு எழுதாமல் நீங்கள் வேலை செய்யும் மரக்கன்றுத் தோட்டத்துக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் போனை அவள்தான் முதலில் எடுக்கிறாள், எடுத்தவுடன் ஸ்பீக்கரில் போடுகிறாள். இதை வாசித்ததும் கிழித்து உரக்குழியில் போட்டுவிடுங்கள்.

பெருநாளைக்கு வந்தபோது எங்கள் வளவைச் சுற்றிப் பார்த்து, “மாமா, வெளிநாட்டுச் செடி ஒண்டும் வேணாம், கடல் காத்துக்கு எங்கட நாட்டு மரந்தான் நிக்கும்” என்று ஒரு தாளில் மூன்று பெயர் எழுதித் தந்தீர்கள். கன்சூரிய, ரணவரா, முது பிந்தம்புரு. நீங்கள் சிங்களத்தில் மரம் படித்த பிள்ளை, அந்தப் பெயர்தான் வாயில் வரும். குறை என்னிடம். நான் எட்டாம் வகுப்பு. என் சிங்களம் வெங்காயம் விற்க மட்டும் காணும். தெரியாது என்று சொல்ல மாமனார் மானம் விடவில்லை, “ஓம் ஓம், நல்ல சாமான்” என்று தலையாட்டினேன். நட்டுக் காட்டினால் உங்கள் மனம் குளிர்ந்து, முதல் பிரசவத்துக்கு அவளை இங்கே விடச் சொல்லி உங்கள் உம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுவீர்கள் என்று ஆசை.

கன்சூரியவுக்கு நல்ல இடம் வேண்டாமா? நல்ல இடம் முற்றத்தின் நடு, நடுவில் நின்றது பழைய பூவரசு. அடுத்த வீட்டு ஜபார் மரம் அறுக்கும் வாளோடு வந்து, “நூஹு நானா, இந்த மரம் உங்களுக்கு என்ன செஞ்சது?” என்று கேட்டான். “நீ வெட்டு. இனி வாறது படிச்ச மரம்” என்றேன். வாள் கையில் இருந்த சூட்டோடு, ரணவராவுக்கு இடம் எடுக்க வேலியோரத்து ஆவாரையையும் வேரோடு பிடுங்கிப்போட்டு, மறுநாள் சிலாபத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே கன்று விற்கிறவன், நான் முது பிந்தம்புரு என்றதும், விழுந்து விழுந்து சிரித்தான். “முதலாளி எந்த ஊர்? ஆலங்குடாவா? உங்க கடற்கரையில மிதிச்சிட்டுத் திரியிறீங்களே, ஊதாப்பூக் கொடி, அதுதான்” என்றான். அடம்பன் கொடி மருமகன்! நானும் சேர்ந்து சிரித்தேன். மூளையுள்ளவன் அந்த இடத்தில் மற்ற இரண்டு பெயரையும் விசாரித்திருப்பான். நான் ரணவரா ஒன்றும் கன்சூரிய ஒன்றும் வாங்கி, கன்சூரியவுக்கு யன்னலோர இடம் கொடுத்து, பைக்கு வெளியே நாலு இலை ஆட ஆட ஊர் வந்து சேர்ந்தேன்.

உங்கள் மாமி கன்சூரியவைச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு இலையைப் பிய்த்தாள், சுருட்டினாள், வாயில் வைத்து ஊதினாள். பீ என்றது.

“இஞ்சாருங்க, இது நம்மட பூவரசுதானே?”

“இல்ல, இது கன்சூரிய.”

மறுபடி ஊதினாள். ஜபார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். “மத்தது ஆவாரை,” என்றாள், “ரணவராத் தேத்தண்ணிப் பக்கற்றுல படமே போட்டிரிக்கி.”

சரி, சின்னதாவது வளரட்டும் என்று, வெட்டிய பூவரசுக் கிளைகளிலேயே பதினொரு கம்பு எடுத்து கன்றைச் சுற்றி நட்டேன். மூன்றாம் நாள் ஜபாரின் ஆடு இடுக்கால் தலையை விட்டு, படிச்ச மரத்தை அடிவரைக்கும் படித்து முடித்தது.

அன்று அந்திக்கு அஸ்ரியா போனில் பேசினாள். “வாப்பா, இங்க ஒரே மழையும் குளிரும். நம்மட முத்தத்து மரத்துக்குக் கீழ கட்டிலப் போட்டுப் படுக்கணும் போல இரிக்கி. மரம் எப்பிடி?” நான் அடிக்கட்டையில் குந்திக்கொண்டு, “மரத்துக்கு என்ன மகள், நல்லா நிக்கிது” என்றேன். அந்த மரத்து இலையைச் சுருட்டி ஊதி ஊதித்தான் பகலில் என்னைத் தூங்கவிடாமல் செய்வாள். எத்தனை நாள் ஏசியிருக்கிறேன். அவள் கலியாணம் முடித்துப் போனபிறகு பகலில் கண்ணை மூடினால் தூக்கம் வருவதில்லை, ஊதுவதற்கும் ஆளில்லை. இப்போது மரமும் இல்லை. வெயில் மட்டும் வந்து நடு முற்றத்தில் வீட்டுக்காரன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

ஆகையால் ஒரு உபகாரம். நீங்கள் ஹோட்டல்களுக்குப் பெரிய மரங்களை வேரோடு லொறியில் ஏற்றிப்போய் நடுகிறீர்களாமே. அப்படி ஒரு பூவரசை, கன்சூரிய என்றாலும் சரிதான், கொண்டுவந்து கட்டை தெரியாமல் நட்டுவிட்டு, அதற்குப் பிறகு அவளைக் கூட்டி வாருங்கள். அதுவரை அவள் வரவை எப்படியாவது பிந்தவையுங்கள். பிந்தச் சொல்லி எழுதுகிற கை என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை.

உங்கள் உம்மாவுக்கு ஸலாம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு வாப்பாவின் படிப்பும், வேறு யாராவது ஒருவரின் புத்தியும் கிடைக்க துஆவுடன்,

மாமா
நூஹு

பி.கு. (30.10.2017): கடிதம் சட்டைப் பையிலேயே கிடந்துவிட்டது. இன்று சட்டை கழுவ எடுத்த உங்கள் மாமி வாசித்துவிட்டு, நீங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம் அஸ்ரியாவை வீடியோ அழைப்பில் எடுத்து அடிக்கட்டையைக் காட்டிவிட்டாள். “எனக்கு அண்டைக்கே தெரியும் வாப்பா. அந்தி நேரம் முத்தத்துல நிண்டு கதச்சீங்க, மரத்துல அடையிற ஒரு காகமும் கத்தல்ல” என்றாள். கொஞ்சம் அழுதாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்திலிருந்து உங்கள் உம்மா, “புள்ளய சுருக்கா கொண்டுபோய் விடுங்க, விட்டா அந்த மனிசன் வீட்டையும் வெட்டிப்போடுவாரு” என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவருக்கு இன்னொரு ஸலாம்.

மழை பெய்ததில் பதினொரு கம்பும் துளிர்த்துவிட்டன. எதை வைப்பது, எதைப் பிடுங்குவது என்று கேட்டேன். “ஒண்டையும் தொடாதீங்க, நான் வந்து பாக்கிறன்” என்றாள். ஆகையால் லொறி வேண்டாம், மரம் வேண்டாம், மகளை மட்டும் கொண்டு வாருங்கள். முற்றத்தில் இப்போதைக்கு தென்னோலைக் கிடுகுப் பந்தல் போட்டுக் கட்டிலும் வைத்திருக்கிறேன். கிடுகுக்குச் சிங்களத்தில் வேறு பெயர் இருந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.