பின்னால் கூப்பிடாதீர்கள், ஈமெயில் போகிறது

பதுளையில் மற்றவர்கள் எல்லாம் ஈமெயில் அனுப்பினார்கள். ஈமெயிலை வழியனுப்பி வைத்த ஒரே மனிதர் கிளிப்பு அண்ணன்தான். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் தகப்பன் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, அது போய்ச் சேரும்வரை கண்கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஏறும் சரிவில் அவருடைய கொமியுனிகேஷன் கடை. ஒரு தொலைபேசி, ஒரு பெக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், மண்டையில் தட்டினால்தான் விழிக்கும் ஒரு கம்பியூட்டர். மூலையில் டைப்ரைட்டரோடு நான். ஈமெயிலில் கோப்பை இணைக்கும் இடத்தில் காகிதக் கிளிப் படம் ஒன்று இருக்குமே, அண்ணனுக்கு உயிரே அதில்தான். சட்டைப் பையிலும் நிஜக் கிளிப் ஒன்றைக் குத்தியிருப்பார். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

வேலைக்கு விண்ணப்பிக்கும் பொடியன்மார் கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டு, சான்றிதழ் வரவில்லையாம் என்று மறுநாள் வந்து நிற்பார்கள். "கிளிப்ப அமுக்கினியா? இல்லைல்ல? சோத்த வீட்ல வச்சிட்டு வெறும் தூக்குச்சட்டிய மலைக்குக் கொண்டுபோனா பசி தீருமாப்பா?" என்பார்.

தொலைபேசிக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன். யாராவது ரிசீவரைத் தூக்கினால் பாதி வழியில் எல்லாம் அறுந்துவிடும். அதனால் கோப்பு போகும்போது தொலைபேசியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொள்வார். நமுனுகுலை மலைப் பக்கம் வானம் கறுத்தால், மின்னலுக்கு முன்பே வயரைப் பிடுங்கிவிட்டு வெற்றிலை போடுவார். இவையெல்லாம் புத்தியுள்ள மனிதன் செய்வது. அடுத்ததுதான் அவருடைய சொந்தச் சரக்கு.

பயணம் கிளம்புகிறவரிடம் எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, பின்னால் கூப்பிடக் கூடாது என்பது நம் வீட்டு வழக்கம். அண்ணன் அதை இன்டர்நெட்டுக்கும் நீட்டிவிட்டார். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது கடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் இது தெரியாமல், "தம்பி, போயிட்டுதோ?" என்று கேட்டுவைத்தார். லைன் அறுந்தது. அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரை அவரிடம் நீட்டினார். கூப்பிட்டுவிட்டால் திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தானே கிளம்ப வேண்டும்?

"எனக்கேன் தண்ணி? வெளிக்கிட்டது ஈமெயில் எல்லோ?"

"அதுக்கு வாய் இல்லைங்க சார். அதுக்காக நீங்கதான் குடிக்கணும்."

ஆசிரியர் குடித்தார். இரண்டாவது தடவை அது போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு அண்ணனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கடைக்குத்தான் பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து பாக்கியம் அக்கா வந்தார். அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன மகள் அங்கே இறந்துவிட்டாள். எப்படி என்று யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. உடல் பிணவறையில் கிடந்தது. தாயின் சம்மதக் கடிதம், மகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் பிரதி, போட்டோ எல்லாம் கொழும்பு ஏஜென்சிக்குப் போனால்தான் பெட்டி ஊருக்கு வரும். தாமதித்தால் அங்கேயே அடக்கிவிடுவார்கள் என்று ஏஜென்சிக்காரன் போனில் சொல்லியிருந்தான். பெக்ஸில் அனுப்பிப் பார்த்தோம். முகம் கரிக்கட்டையாகப் போய் விழுந்ததாம். ஈமெயிலில் அனுப்பச் சொன்னான்.

அண்ணன் நாலையும் பெரிதாக, பளிச்சென்று ஸ்கேன் செய்து ஒரே ஈமெயிலில் மாட்டினார். ஏறியது, அறுந்தது. மறுபடி ஏறியது, அறுந்தது. மறுநாள் ஒருவழியாகப் போனது. போன வேகத்தில், சாமான் பெரிசு, இந்தப் பெட்டி கொள்ளாது என்று இங்கிலீஷில் திரும்பி வந்தது. அக்கா ஒவ்வொரு நாளும் முதல் பஸ்ஸில் வந்து, ஸ்கேனருக்குப் பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருப்பார். டீ கொடுத்தால் கையிலேயே ஆறிப்போகும்.

மூன்றாம் நாள் அண்ணன் பிடிவாதமாக அதையே மறுபடி ஏற்ற, கோப்பு போவதைக் காட்டும் பச்சைக் கோடு முக்கால்வாசிக்கு வந்துவிட்டது. கடையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அக்காவால் பொறுக்க முடியவில்லை.

"போயிருச்சாங்கய்யா?"

கோடு அப்படியே நின்றது. லைன் அறுந்தது. அண்ணன் யாருக்கும் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"பின்னால கூப்புட்டா எப்பிடிம்மா போகும்?"

அக்கா அழவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினார்.

"அவ போறப்பவும் நான்தாங்கய்யா கூப்புட்டேன். பஸ்ஸுல கால வச்சிட்டா. கொடைய மறந்துட்டியேடின்னு கத்துனேன். அங்க மழையே இல்லம்மான்னு சிரிச்சிக்கிட்டே போனா. எனக்குத் தெரியலைங்க. நான் கூப்புட்டதுனாலதான் எம்புள்ள திரும்பலன்னு லயத்துல எல்லாரும் சொல்றாங்க."

அண்ணன் தொலைபேசியை மடியிலிருந்து இறக்கி மேசையில் வைத்தார். ஸ்கேனரின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு வேலையைத் தொடங்கினார். நாலையும் மறுபடி ஸ்கேன் செய்து, எழுத்தும் முகமும் தெரிகிற அளவுக்கு மட்டும் சிறிதாக்கினார். நாலு தனித்தனி ஈமெயில். அறுந்தாலும் ஒன்றுதான் அறுந்துபோகும். கிளிப்பை அழுத்தி மாட்டிவிட்டு, திறந்து திறந்து பார்த்தார். வெளியே போய் வானத்தைப் பார்த்தார். தொலைபேசியை என் மடியில் வைத்து, யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே என்றார்.

முதல் ஈமெயிலை அனுப்பும் பொத்தானைத் தட்டினார். எழுந்து நின்றார். இரண்டு கையையும் வாயருகே குவித்து, பஸ் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏ புள்ள, எங்க போற? நில்லு. கொடைய எடுத்துக்கிட்டுப் போ."

அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். கோடு ஓடி முடிந்தது. முதலாவது போய்விட்டது. இரண்டாவதையும் கூப்பிட்டார். மூன்றாவதான பாஸ்போர்ட்டை அதிலிருந்த பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். கடைசியாகப் போட்டோவையும் கூப்பிட்டார். நாலும் போய்ச் சேர்ந்தன. எல்லாம் தெளிவாகத் திறக்கிறது என்று பின்னேரம் கொழும்பிலிருந்து பதில் வந்தது.

"பாத்தீங்களாம்மா? போறப்பக் கூப்புட்டதுக்கும் நடந்ததுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல. லயத்துல எவனாவது பேசினா எங்கிட்ட அனுப்புங்க" என்றார். அக்கா அன்றைக்குத்தான் டீயை முழுதாகக் குடித்தார்.

பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று ஒட்டி அனுப்பியிருந்தார்கள். சாவுக்கு நாங்கள் இருவரும் போனோம். மழைத் தூற்றலில் லயத்தை விட்டு இறங்கி நடந்தோம். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்றே சொல்லக் கூடாது. போகிறவர்களை அங்கிருந்து யாரும் கூப்பிடவே மாட்டார்கள். ஆனால் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கிளிப்பு அய்யா, மழை பெய்யுது. இந்தக் கொடைய எடுத்துக்கிட்டுப் போங்க."

லயத்துச் சனம் அத்தனையும் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் திரும்பி, மேடேறிப் போய், அந்தப் பிள்ளை விட்டுப்போன குடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தண்ணீர் குடிக்கவில்லை. உட்காரவுமில்லை. விரித்துப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

அடுத்த வாரமே கடையில் பழைய சட்டம் திரும்பிவிட்டது. வாய் திறந்த ஒரு தபால்காரருக்குத் தண்ணீர் கொடுத்ததை நானே பார்த்தேன். பாக்கியம் அக்கா எப்போதாவது வந்து உட்காரும் நாளில் மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. அன்றைக்கு எல்லாரும் சத்தமாகப் பேச வேண்டும். பேசாதவனை முறைப்பார்.

அண்ணன் இறந்தபோது நான் கொழும்பில் இருந்தேன். எடுத்த பிறகுதான் தகவல் கிடைத்தது. பதுளையில் இருந்திருந்தால், தூக்கிக்கொண்டு கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு தடவை கூப்பிட்டிருப்பேன்.