பெசன்ட் நகரில் அண்டார்க்டிகா

தென் துருவத்தில் பனி உருகுவது குறித்துக் கவலைப்படுவது என்று 1998-ம் வருஷம் மேலிடத்தில் முடிவெடுத்தார்கள். கவலைப்படுவதற்குத் தோதாக அடையாறில் ஓர் அறை காலியாக இருந்தது. துருவப் பனிப் பிரிவு உருவாயிற்று. துணை இயக்குநர் சுந்தரராமன், ஒரு டைப்ரைட்டர், அதைத் தட்ட அடியேன். பனியை நாங்கள் இருவருமே பார்த்ததில்லை. அதனால் விருப்பு வெறுப்பின்றிப் பணியாற்ற முடிந்தது.

ஜூன் மாதம் சுற்றுச்சூழல் தினம் வந்தது. பனி உருகினால் அங்கே வாழும் உயிர்கள் என்ன பாடுபடும் என்பதைப் பொதுமக்களுக்கு உணர்த்த, பெசன்ட் நகர் கடற்கரையில் மூன்று நாள் கண்காட்சி. மயிலாப்பூர் மாதர் சங்கம் ஒன்றின் தலைவி கோமளம் மாமி அதற்குக் கௌரவ ஆலோசகர். அந்த வருஷம் மயிலாப்பூரில் பெங்குவின்தான் நாகரிகம். போன வருஷம் வரை புலிக்காக இரக்கப்பட்டவர்கள்கூடக் கட்சி மாறியிருந்தார்கள். மாமி தி.நகரில் சொல்லிவைத்து, பெங்குவின் கரை போட்ட பட்டுப்புடவை வாங்கியிருந்தார்.

"தெர்மாக்கோல்ல பனி பண்ணினா மட்டமா இருக்கும். நிஜப் பனியா இருக்கட்டும்" என்றார் மாமி.

பொதுநலன் கருதி, அக்கம்பக்கத்து ஐஸ் கம்பெனிகளில் மூன்று நாளைக்குத் தயாராகும் ஐஸ் முழுவதும் துருவப் பனிப் பிரிவுக்கே என்று ஆணை போனது. மணலில் ஐஸ் பார்களை மலையாக அடுக்கினோம். பெங்குவினுக்கு மட்டும் நிஜம் கிடைக்கவில்லை. பன்னிரண்டு தெர்மாக்கோல் பெங்குவின்களை மேலே நிறுத்தினோம்.

முதல் நாள் மத்தியானம் முத்தம்மா வந்தாள். பக்கத்து ஊரூர் குப்பத்துக்காரி. அந்தக் கடற்கரைச் சாலையோரம் கூடை வைத்து மீன் விற்பவள். அன்று அவள் புருஷன் வலையில் வழக்கத்துக்கு மேல் சங்கரா மீன் மாட்டியிருந்தது. விற்றது போக இரண்டு கூடை மிச்சம்.

"ரெண்டே ரெண்டு பாரு குடு சார். கம்பெனில கேட்டா அல்லாம் உங்களாண்ட கீதுன்றான். ஐஸ் இல்லாங்காட்டி காலைக்குள்ள மீனு நாறிப்பூடும்."

"அது இப்போ ஐஸ் இல்லம்மா" என்றார் சுந்தரராமன். "ஆர்டர் போட்டாச்சு. அது அண்டார்க்டிகா."

"நேத்து வரிக்கும் ஐஸாத்தானே சார் இருந்துச்சு?"

"நேத்திக்கு இருந்தது. இன்னிக்கு அதை உடைச்சுக் கொடுத்தா சர்வதேச ஒப்பந்தத்தை மீறினதா ஆகும்."

முத்தம்மா மேலே நின்ற பெங்குவின்களைப் பார்த்தாள்.

"அது இன்னா துன்னும்?"

"மீன்தான்."

"மீனு எங்க கீது?"

சுந்தரராமன் என்னைப் பார்த்தார். ஃபைலில் மீன் இல்லை. "என் மீனப் போட்டுக்கோ சார். காலைல வந்து எடுத்துக்கறேன்" என்றாள் முத்தம்மா. "சரி, எடுத்துக்கோ" என்றார் அவர். அவளுக்கு மீன் கெடாது, எங்களுக்குக் கண்காட்சி நிறையும். எங்கள் அலுவலகம் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அதுவும் அவள் யோசனை.

மறுநாள் விடிந்ததும் காலிக் கூடைகளோடு வந்து நின்றாள்.

"நடுவுல எடுக்கக் கூடாதும்மா. பெங்குவினெல்லாம் பட்டினி கிடக்கறதா ஜனங்க நினைச்சுடுவாங்க" என்றார் சுந்தரராமன்.

"அது தெர்மாக்கோலு சார். எட்த்துக்கோன்னு நேத்து நீதானே சொன்னே?"

"நேத்திக்கு அது மீன். இன்னிக்கு அது உணவுச் சங்கிலி."

பத்து மணிக்கு வெயில் ஏறியது, பனி இளகியது. அதைக் காப்பாற்ற மாமி நாலு பெரிய ஃபேன் வரவழைத்தார். ஃபேனுக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். ஜெனரேட்டர் சூட்டில் பனி இன்னும் வேகமாக உருகியது. ஆகவே இன்னும் இரண்டு ஃபேன். சுந்தரராமன் மணிக்கொரு தரம் ஸ்கேல் வைத்து அளந்து, 'எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக உருகி வருகிறது' என்று குறிப்பெழுதச் சொன்னார். மீனைக் கொத்த வந்த காக்கைகள் பெங்குவின் தலைகளில் உட்கார்ந்தன. ஜனங்கள் குடும்பம் குடும்பமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஓரமாக மணலில் குந்தியபடி முத்தம்மா தன் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கடற்கரையே மூக்கைப் பொத்தியது.

"ஆத்துக்குப் போய்த் தலைக்குக் குளிச்சாலும் இந்த நாத்தம் போகாது போலிருக்கே. பெங்குவினைப் பார்க்க வந்துண்டிருக்கறவா என்ன நினைச்சுப்பா?" என்றார் மாமி.

உடனே விசாரணை நடந்தது. பனிக்கு வாசனை கிடையாது. ஆகவே குற்றம் மீனுடையது. மீன் முத்தம்மாவுடையது. துருவச் சூழலின் தூய்மையை முன்னிட்டு, அந்தச் சாலையோரத்தில் மீன் விற்க இனி நிரந்தரத் தடை என்று ஆணை பிறந்தது. தட்டியவன் அடியேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு பிழை இல்லாமல் தட்டினேன்.

முத்தம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கவில்லை. அழுகிய மீனைக் கூடையில் வாரினாள்.

"ஐஸு போச்சு. அதனால மீனு போச்சு. மீன நம்பிக்கினு கீறவளும் போவணுமா? இன்னா சார் நாயம் இது?"

சுந்தரராமன் அசையாமல் நின்றார். மனுஷனுக்கு மனசு இளகிவிட்டது என்றே நினைத்தேன். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்கோய்யா, மறந்துடப் போறே. ரெண்டு மாசமா இந்த வாசகத்தைத்தான் தேடிண்டிருந்தேன்."

மூன்றாம் நாள், நிறைவு விழா. நல்ல தமிழாக்கிப் பெரிய பலகையில் எழுதி வைத்தோம்: 'பனி போனால் மீன் போகும், மீன் போனால் அதை நம்பிய உயிரும் போகும்.' பலகை நிறுத்த வாகான இடம் ஒன்று அன்றுதான் காலியாகியிருந்தது, சாலையோரம் முத்தம்மா கூடை வைக்கும் இடம். மாமி அந்த வாசகத்தை மைக்கில் படித்துத் தழுதழுத்தார். பலகையின் கீழே வெள்ளைத்துணி விரித்துக் கையெழுத்து இயக்கம் நடந்தது. பெங்குவினுக்காக மூவாயிரம் பேர் போட்டார்கள். வாராவாரம் முத்தம்மாவிடம் பேரம் பேசி மீன் வாங்குகிறவர்களும் வரிசையில் நின்று போட்டார்கள். கூடைக்காரி எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் கையெழுத்து அடியேனுடையது. பக்கத்தில் நிறைய இடம் விட்டுத்தான் போட்டேன். நீங்கள் வந்திருந்தால் உங்களுக்கும் பேனா கொடுத்திருப்போம். வேண்டாமென்று சொல்லியிருக்க மாட்டீர்கள்.