இசக்கிக் கீரியும் கெட்ட பேர் எடுத்த மஞ்சள் வண்டியும்

ஒரு காட்டுல ஒரு கீரி இருந்துச்சு. பேரு இசக்கி. காலேஜ்ல ரெண்டாம் வருஷம். பாம்போட சண்டை போடுறதெல்லாம் அவ அம்மா காலத்தோட முடிஞ்சு போச்சு. இவ சண்டை கேன்டீன்காரரோட, கண்டக்டரோட, இன்டர்னல் மார்க்கைக் கொறச்ச வாத்தியாரோட. பொறந்ததுலேர்ந்து ஒரு வாக்குவாதத்துலயும் தோத்தது கிடையாது. எதிராளி சொல்றது சரியாவே இருந்தாலும் விட மாட்டா. அவங்க களைச்சுப் போயி, "சரி தாயி, நீ சொன்னதுதான்"னு கும்பிடுற வரைக்கும் நிப்பா.

அந்தக் காட்டுக்கு மேல ஒரு மலை. அந்த வருஷம் மலை உச்சியில குறிஞ்சி பூத்திருந்துச்சு. பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். யானைக்கு இதெல்லாம் ஒரு கவலையா? இந்தத் தடவை விட்டா அடுத்த தடவை பாத்துக்கும். கீரிக்கு ஆயுசே அதுக்குள்ள முடிஞ்சிரும். இசக்கி இப்பப் பாத்தாத்தான் உண்டு, இல்லேன்னா எப்பவுமே இல்ல.

மலைக்கு பஸ் கிடையாது. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. கீரிக் காலால நடந்தா போக நாலு நாள், வர நாலு நாள். காலேஜ்ல லீவு ஞாயித்துக்கிழமை மட்டும்தான். அதனால இசக்கி ஒரு வண்டி வாங்குறதுன்னு முடிவு பண்ணினா. டியூஷன் எடுத்துச் சேத்த காசுக்கு என்ன பழைய வண்டி கெடைக்குதோ அது.

ஆனா அந்தக் காட்டுல யாரும் தனியாப் போயி வண்டி வாங்கிர முடியாது. விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போகணும். கூப்பிடாமலே வந்தாரு கரடிப் பெரியப்பா. கீரிக்கும் கரடிக்கும் என்ன சொந்தம்னு கேக்காதீங்க. வயசுல மூத்து, வயித்துல பெருத்து, அடுத்தவங்க வீட்டு விஷயத்துல முதல் ஆளா வந்து நிக்கிற எல்லாருமே அந்தக் காட்டுல பெரியப்பாதான். அவர்கிட்ட வண்டி கிடையாது. ஓட்டவும் தெரியாது. அதனால வண்டியைப் பத்தி அவருக்குத் தெரியாததே கிடையாது.

கூட்டிட்டுப் போனது முயல் மாசானம் அண்ணன். அவன்கிட்ட வெள்ளை நிறத்துல ஏழு சீட்டு வண்டி ஒண்ணு இருந்துச்சு. அதுவும் பெரியப்பா பாத்து வாங்கிக் குடுத்ததுதான்.

பழைய வண்டி விக்கிறது நரி அண்ணாச்சி. அத்தனை வண்டி கண்ணாடியிலயும் ஒரே ஸ்டிக்கர்: 'டாக்டர் ஓட்டிய வண்டி.'

"அண்ணாச்சி, இந்தக் காட்டுல இருக்குறதே ஒரே ஒரு டாக்டர்," இசக்கி ஆரம்பிச்சா. "நாரை. அது பறந்துல்லா போகுது?"

நரி அண்ணாச்சி ஸ்டிக்கரை ஒரு தடவை அழுத்தி ஒட்டினாரு. "மழை நாள்ல வண்டிதாம்மா."

பெரியப்பா அதுக்குள்ள ஒரு வெள்ளை வண்டியோட டயரை எத்திப் பாத்துட்டு இருந்தாரு. "இதை எடுத்துக்கோட்டி. வெள்ளை. ஏழு சீட்டு. நாளைக்கு வித்தாலும் போட்ட காசு அப்பிடியே வரும்."

"நான் இன்னும் வாங்கவே இல்ல. அதுக்குள்ள ஏன் பெரியப்பா விக்கிறீங்க?"

"வண்டின்னா அப்பிடித்தான் பாக்கணும். சீட்டைப் பாரு. பதினோரு வருஷமாச்சு, கம்பெனி போட்ட பாலிதீன் கவரைக்கூடப் பிரிக்கல!"

"அப்ப பதினோரு வருஷமா ஒருத்தன்கூட அந்த சீட்டுல உக்காரல. பாலிதீன்ல உக்காந்திருக்கான்."

"நாலு பேருக்கு ஆகுற மாதிரி ஒரு வண்டி வேணாமாட்டி?"

"நாலு பேருக்கு எதுக்கு ஏழு சீட்டு?"

மாசானம் அண்ணன் சிரிக்கப் போனான். பெரியப்பா திரும்பிப் பாத்ததும் தும்மல் மாதிரி ஆக்கிக்கிட்டான்.

அப்பதான் இசக்கி அதைப் பாத்தா. மூலையில, வேப்பமரத்தடியில, பறவை எச்சத்துக்கு நடுவுல ஒரு சின்ன வண்டி. மாங்காத் தொக்கு மாதிரி ஒரு மஞ்சள். ரெண்டே கதவு. கண்ணாடியைக் கையால சுத்தித்தான் எறக்கணும். ஏறி உக்காந்து கியரைத் தள்ளினா. டொக்குனு விழுந்துச்சு, பல்லாங்குழியில கடைசி முத்து விழுற மாதிரி. ஹாரனை அமுக்கினா. தவளைக்கு விக்கல் எடுத்த மாதிரி ஒரு சத்தம். இசக்கி வாய்விட்டுச் சிரிச்சா. மறுபடி அமுக்கினா, மறுபடி சிரிச்சா.

"எறங்குட்டி!" பெரியப்பா பதறினாரு. "அது பன்னிவீட்டு மாப்பிள்ளையை நடுப்பாலத்துல நிறுத்துன வண்டி!"

காட்டுக்கே தெரிஞ்ச கதை அது. கல்யாணத்தன்னைக்குக் காலையில மாப்பிள்ளைக் காட்டுப்பன்னியை ஏத்திக்கிட்டுப் போன வண்டி நடுப்பாலத்துல நின்னுபோச்சு. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தள்ளிப் பாத்தாரு. முகூர்த்தம் போயிருச்சு. கெடைச்ச ஒரு மணி நேரத்துல பொண்ணு நல்லா யோசிச்சுப் பாத்து, கல்யாணமே வேண்டாம்னு சொல்லிருச்சு.

"அப்ப அந்தப் பொண்ணுக்கு நல்லதுதானே பண்ணிருக்கு?"

பெரியப்பா மாசானத்தைப் பாத்தாரு. மாசானம் தரையைப் பாத்தான். நரி அண்ணாச்சி, சனியன் ஒழிஞ்சாப் போதும்னு, ஒரு சுமாரான செல்போன் விலைக்கு வண்டியைக் குடுத்துட்டாரு. அந்த ஒரு வண்டியில மட்டும் டாக்டர் ஸ்டிக்கர் இல்ல. அதுக்கு அந்த நாரைகூட ஒத்துக்கல போல.

வண்டியைத் தன் பேருக்கு மாத்த, இசக்கி போக்குவரத்து ஆபீசுல க்யூவுல நின்னா. கவுன்டர்ல தேவாங்கு. ஃபாரத்துல 'வண்டி வாங்கும் காரணம்'னு ஒரு கட்டம். இசக்கி 'ஆசை'ன்னு எழுதியிருந்தா.

"இப்பிடியெல்லாம் எழுதக் கூடாதும்மா. 'குடும்ப உபயோகம்'னு எழுது."

"குடும்பத்துக்கு இல்ல சார். எனக்கு."

"எல்லாரும் அதைத்தான் எழுதுறாங்க."

"எல்லாரும் பொய் எழுதினா நானும் எழுதணுமா?"

தேவாங்கு முழிச்சுது. அது எப்பவுமே முழிக்கிறதுதான், ஆனா இது வேற முழி. முக்கா மணி நேரம் கழிச்சு, பின்னாடி க்யூவுல நின்னவங்க எல்லாம் சேந்து கெஞ்சினதும், 'ஆசை'க்கு மேல சீல் குத்திக் குடுத்துருச்சு.

முதல் ஞாயித்துக்கிழமை இசக்கி மலைக்குக் கெளம்பினா. ரெண்டாவது வளைவுல வண்டி நின்னுபோச்சு. அடுத்த ஞாயிறு மூணாவது வளைவுல. அதுக்கடுத்த ஞாயிறு டீக்கடை வாசல்லயே.

"என்னட்டி, நின்னுருச்சா?" பெரியப்பா கிளாசோட வெளிய வந்தாரு.

"நிக்கல பெரியப்பா, ஓய்வெடுக்குது. இஞ்சின் நல்ல இஞ்சின். உங்களுக்கு இஞ்சின் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியுமா, முதல்ல அதைச் சொல்லுங்க."

பேச்சுல ஜெயிச்சா. ஆனா வீட்டுக்குத் தள்ளிக்கிட்டே போனா.

அப்படித் தள்ளும்போதெல்லாம் மாசானம் அண்ணனோட வெள்ளை வண்டி அவளைத் தாண்டிப் போகும். ஒரு நாள் காதுகுத்துக்குப் பன்னெண்டு பேரு. ஒரு நாள் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு அத்தையும் ஒம்போது பலாப்பழமும். ஒரு நாள் கோயிலுக்கு, உயிரோட ஒரு கெடா. அது வழி முழுக்க ஜன்னலோரம் வேணும்னு தகராறு பண்ணிக்கிட்டே போச்சு.

"வண்டி வாங்கி மூணு வருஷம் ஆச்சு," மாசானம் ஒருநாள் நிறுத்திச் சொன்னான். "நானா ஆசைப்பட்டுப் போன ஒரே இடம் பெட்ரோல் பங்க். அதுக்கும் ரெண்டு பேரு லிஃப்ட் கேட்டு ஏறிக்கிட்டாங்க."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே அண்ணே?"

"பெரியப்பாகிட்டயா?" அவன் காது ரெண்டும் தொங்கிப் போச்சு.

நாலாவது வாரம், சனிக்கிழமை காலையில, இசக்கி மெக்கானிக் தாணுவைக் கூப்பிட்டா. தாணு ஒரு மரங்கொத்தி. இஞ்சினை நாலு இடத்துல கொத்திப் பாத்துச்சு. அஞ்சாவது இடத்துல நிறுத்துச்சு.

"கல்லு மாதிரி இஞ்சின். இந்த ஒரு வயர்தான் லூசு. வண்டி குலுங்கினா கழண்டுக்கும். இத்தனை வருஷமா எல்லாப் பயலும் பின்னாடி போயித் தள்ளிருக்கான், ஒருத்தனும் முன்னாடி வந்து பானட்டைத் தொறக்கல." அலகால ஒரு திருகு. "இனி மலை என்ன, மலைக்கு அந்தப் பக்கமும் போகும்."

இசக்கிக்குத் தலைகால் புரியல. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை மலையில மழை எறங்குதுன்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க. மழை விழுந்தா பூ உதுந்துரும். நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு, அந்த ஒரு நாள் போதும். ஆனா அதுக்கு முன்னால ஒரு வேலை பாக்கி இருந்துச்சு. டீக்கடைக்குப் போயி, பெரியப்பா மூஞ்சிக்கு நேரா, "இப்ப என்ன சொல்றீங்க?"ன்னு கேக்கணும். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பாத்துக்கிட்டே ஓட்டிட்டு வந்தா.

டீக்கடையில பெரியப்பா கையில லிஸ்ட்டோட நின்னாரு. ஞாயித்துக்கிழமை முள்ளம்பன்னி வீட்டுக் கல்யாணம். பக்கத்துல நின்ன மாசானத்துக்கு மட்டும் ஆறு ட்ரிப் போட்டிருந்தாரு. "மேளக்காரங்களைக் கூட்டியாரத்தான் ஒரு வண்டி கொறையுது"ன்னு தாடையைச் சொறிஞ்சப்போ, மஞ்சள் வண்டி தவளை ஹாரனோட வந்து நின்னுச்சு.

பெரியப்பா முகம் மலந்துச்சு. "இசக்கி! வண்டி சரியாயிருச்சா?"

கடையே திரும்பிப் பாத்துச்சு. இதுக்குத்தான் அவ காத்துக்கிட்டு இருந்தா. பதில் நாக்கு நுனியில நின்னுச்சு. வாயையும் தொறந்துட்டா.

பெரியப்பாவோட கை லிஸ்ட்டுல அடுத்த காலி எடத்துல பேனாவை வெச்சுக்கிட்டு நிக்கிறதை அப்பதான் பாத்தா.

ஜெயிச்சா, நாளைக்கு மேளம். தோத்தா, மலை.

"இல்ல பெரியப்பா," இசக்கி சொன்னா. சொல்றது தன் குரல்தானான்னு அவளுக்கே சந்தேகமா இருந்துச்சு. "எறக்கம்லா, தானா உருண்டு வந்துருச்சு."

"எங்க, ஸ்டார்ட் பண்ணு பாப்போம்."

"ஒரு நிமிஷம், தண்ணி பாத்துக்கிறேன்." பானட்டைத் தொறந்தா, தாணு முறுக்கின வயரை உருவினா, மூடினா, சாவியைத் திருப்பினா. க்ரர். க்ரர். க்ரர்.

பெரியப்பா பெருமூச்சு விட்டாரு. அதுல வருத்தம் கொஞ்சம், சந்தோஷம் நெறைய. "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க பெரியப்பா."

டீ ஆத்திக்கிட்டு இருந்த குரங்கு கையை நிறுத்திருச்சு. டீ நேரா தரையில விழுந்துச்சு.

"உடம்பு சரியில்லையாட்டி உனக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன். நீங்க சொன்னதுதான் சரி."

விடுவாரா? வெள்ளை நிறத்தோட அருமை, ஏழு சீட்டோட மகிமை, பாலிதீன் கவரோட பலன்னு ஒரு மணி நேரம் பேசினாரு. அவர் சொன்ன ஒவ்வொரு வரிக்கும் இசக்கிகிட்ட ஒம்போது பதில் இருந்துச்சு. அத்தனையையும் முழுங்கினா. வால் முடியெல்லாம் தானா நட்டுக்கிட்டு நின்னுச்சு. கடைசியில, "குப்பை வண்டின்னு உன் வாயால ஒத்துக்கோ"ன்னாரு.

இசக்கி ஸ்டீரிங்கை ஒரு தடவை தடவிக் குடுத்தா. "குப்பை வண்டி"ன்னா.

பெரியப்பா மனசு குளுந்து போச்சு. கடையில இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, தானே முன்னால நின்னு, வண்டியை அவ வீடு வரைக்கும் தள்ளிக் குடுத்தாரு. இசக்கி உள்ள உக்காந்து வெறுமனே ஸ்டீரிங்கைத் திருப்பிக்கிட்டு வந்தா.

ஞாயித்துக்கிழமை விடிஞ்சதும் காடே கல்யாணத்துக்குப் போயிருச்சு. இசக்கி வயரை மாட்டினா. ரெண்டாவது வளைவு போச்சு. மூணாவது போச்சு. கண்ணாடியைச் சுத்தி எறக்கிவிட்டா, குளுந்த காத்து உள்ள வந்து மூக்கைப் பிடிச்சு ஆட்டுச்சு. வளைவுக்கு வளைவு டொக்கு டொக்குனு கியர் மாத்தி, எதிர்ல யாரும் இல்லாமலே ஹாரன் அடிச்சு, சிரிச்சுக்கிட்டே ஏறினா. இருபத்தேழாவது வளைவு திரும்பினதும் சிரிப்பு நின்னுருச்சு. மலை முழுக்க நீலம். மேகத்தோட நிழல் அது மேல மெதுவா நகந்து போச்சு. இசக்கி வண்டி மேல ஏறி உக்காந்து, சாயங்காலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. பேசினா எதுத்துப் பேச அங்க ஆளும் இல்ல.

வண்டியும் பூவும் ஒண்ணா வர்ற மாதிரி ஒரு போட்டோ எடுத்தா. ஸ்டேட்டஸ்ல போடப் போனா. பெரியப்பாதான் எல்லாரோட ஸ்டேட்டஸையும் முதல்ல பாக்குறவரு. காட்டுல இருக்குறதுலயே நல்ல போட்டோ அது. போனை மூடி வெச்சுட்டா.

மறுநாள் மாசானம் அண்ணன் வந்தான். ஆறு ட்ரிப்புன்னு சொன்னது பதினொண்ணு ஆயிருச்சாம். முதுகெல்லாம் முள்ளு. மஞ்சள் வண்டியில சாஞ்சு ஒவ்வொண்ணாப் பிடுங்கிக்கிட்டு இருந்தவன், வைப்பர்ல சிக்கியிருந்த ஒரு நீலப் பூவைப் பாத்தான். எடுத்து மோந்தான். வண்டியைப் பாத்தான். மலையைப் பாத்தான். அப்புறம் இசக்கியைப் பாத்தான்.

இசக்கி வாக்குவாதத்துக்குத் தயாரா நிமுந்து நின்னா.

மாசானம் ரோட்டுல யாராவது வர்றாங்களான்னு ரெண்டு பக்கமும் பாத்துட்டு, தன்னோட வெள்ளை வண்டிகிட்ட போயி, மூணு வருஷத்துல முதல் தடவையா அதோட பானட்டைத் தொறந்தான்.

"இதுல எந்த வயரை உருவணும்னு மட்டும் காட்டுட்டி."

நீதி: பழைய வண்டி வாங்கும்போது இஞ்சினைப் பாக்காதீங்க, டயரை எத்திப் பாக்காதீங்க, ஊருக்குள்ள அதுக்கு எவ்வளவு கெட்ட பேர்னு மட்டும் விசாரிங்க. நல்ல பேர் எடுத்த வண்டியைச் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. வேற வழியில்லாம வாங்கிட்டா, அதோட பேரைக் கெடுக்குறதுதான் முதல் சர்வீஸ்.